தங்கையை ஐ.டி.ஐ.யில் சேர்க்கலாமா? ஒரு பழைய டர்னரின் பதில்

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்ட தம்பியின் தங்கை +2 முடித்திருக்கிறாள். 600-க்கு 371. பக்கத்து ஊர்க் கல்லூரியில் பி.காம். கிடைத்துவிடும், ஆனால் அவளுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. வீட்டு மிக்ஸியிலிருந்து தண்ணீர் மோட்டார் வரை கழற்றி மாட்டுகிறவள், ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் சேர வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள். அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. "பொம்பளப் பிள்ளை திருப்புளி பிடிச்சா யார் கட்டிப்பாங்க?" என்று அத்தை கேட்கிறார். நான் ஐ.டி.ஐ.யில் பயிற்றுநராக இருந்தவள் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள்.

சேர்க்கலாம், தம்பி. "ஐ.டி.ஐ. முடித்தால் மறுநாளே வேலை" என்று யாராவது சொன்னால் மட்டும் அதில் பாதியை நம்புங்கள். மீதிப் பாதியைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

லேத்தில் இரும்பு கடையும் டர்னர் பிரிவில் நான் சேர்ந்தபோது என் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். முதல் வாரம் லேத் பக்கமே விடவில்லை. ஒரு இரும்புத் துண்டையும் அரத்தையும் கையில் கொடுத்து ராவச் சொன்னார்கள். ராவ வேண்டும், மூலை மட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும், இடுக்கில் ஒளி தெரிந்தால் மறுபடி ராவ வேண்டும். மூன்றாவது நாள் உள்ளங்கையில் கொப்புளம். வகுப்பில் பையன்களுக்கும் கொப்புளம்தான், ஆனால் என் கையை மட்டும் எல்லோரும் வந்து பார்த்தார்கள். ஒன்பதாவது நாள் ஒளி தெரியாமல் ஒரு பக்கம் அமைந்தது. அந்தத் துண்டு இன்னும் என் பூஜை அலமாரியில் இருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கைத்தொழிலில் ஆள் தேறுமா தேறாதா என்பது பெரிய இயந்திரத்தில் தெரியாது, இந்த மாதிரி சலிப்பான வேலையில்தான் தெரியும். உங்கள் தங்கை மோட்டாரைக் கழற்றுகிறாள் என்றீர்கள். கழற்றுவது எல்லாருக்கும் பிடிக்கும். திருப்பி மாட்டுகிறாளா, திருகு மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மாட்டுகிறாள் என்றால் பாதிப் பரீட்சை தேறிவிட்டாள்.

சேர்க்கையின்போது நடக்கிற ஒரு விஷயத்தில் நீங்கள் உஷாராக இருக்க வேண்டும். பெண் பிள்ளை விண்ணப்பத்தோடு வந்து நின்றால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அன்பாகவே, "தையல் எடும்மா, இல்லேன்னா கோபா எடு, உனக்கு ஈஸியா இருக்கும்" என்பார். கோபா என்பது கணினி இயக்குபவர் பிரிவு, ஒரு வருடம். இரண்டையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் கோபா முடித்தவள் பி.காம். முடித்தவளோடும் பி.சி.ஏ. முடித்தவளோடும் ஒரே நாற்காலிக்குப் போட்டி போட வேண்டும். தையலை எடுத்தால், திருப்பூரில் பவர்டேபிளிலும் ஓவர்லாக்கிலும் உட்காரும் பெண்களுக்குப் பஞ்சமே இல்லை, கட்டிங் மாஸ்டர் மட்டும் பெரும்பாலும் ஆண். ஆக, தையல்தான் பிடிக்கும் என்றால் வெட்டுகிற மேசை வரை போக வேண்டும் என்ற எண்ணத்தோடு சேர வேண்டும். எலக்ட்ரீசியன், வயர்மேன், ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், ஏ.சி. மெக்கானிக், எலக்ட்ரானிக் மெக்கானிக் இவையெல்லாம் 2 வருடப் படிப்பு. வெல்டருக்கு ஒரு வருடம்தான், 8-ஆம் வகுப்பு தேறியிருந்தாலே போதும். எலக்ட்ரீசியனுக்கு 10-ஆம் வகுப்பு வேண்டும், உங்கள் தங்கைக்கு அது பிரச்சினையே இல்லை.

"பெண்ணால் எடை தூக்க முடியுமா?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். எனக்கு இந்தக் கேள்வியைக் கேட்டாலே சிரிப்பு வரும். எந்தக் கட்டடத்துக்கும் போய்ப் பாருங்கள். ஒரு செங்கல் சுமார் மூன்று கிலோ. எட்டுக் கல்லைத் தலையில் அடுக்கிக்கொண்டு சாரத்தில் ஏறுகிறவள் யார்? சித்தாள். அவள் பெண்தான். மேலே நின்று கரண்டியும் தூக்குக்குண்டும் பிடிக்கிறவர் கொத்தனார், அவர் ஆண். எடை தூக்குவது பெண் வேலை, மட்டம் பார்ப்பது ஆண் வேலை என்று வைத்திருக்கிறோம், கூலியும் அதற்கேற்ற மாதிரி. இருபது வருடம் சித்தாளாக இருந்தவளுக்குக் கலவை விகிதம் கொத்தனாரைவிட நன்றாகத் தெரியும், ஆனாலும் அவள் கையில் கரண்டி வராது. ஜார்க்கண்டில் கழிப்பறை கட்டும் திட்டத்துக்குப் பெண்களுக்குக் கொத்து வேலை பழக்கினார்கள், 'ராணி மிஸ்திரி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். கேரளத்தில் ஏற்றுமானூர் அர்ச்சனா மகளிர் மையம் பெண்களுக்குக் கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்றுக்கொடுத்திருக்கிறது. சொல்லிக் கொடுக்கிற இடத்தில் சொல்லிக் கொடுத்தால் வருகிறது, அவ்வளவுதான். பட்டறையிலும், லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் 40 கிலோ 'சக்' பாகத்தை ஆண்கூடத் தனியாகத் தூக்கி மாட்டுவதில்லை. எடை தூக்கும் செயின் பிளாக் எதற்கு இருக்கிறது?

உடம்புக்கு ஆகாத விஷயம் வேறு. வெல்டிங்கில் கண்ணாடி இல்லாமல் இரண்டு முறை ஆர்க்கைப் பார்த்துவிட்டால், ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும், விடிய விடியத் தூக்கம் வராது. லேத்தில் துப்பட்டா, வளையல், அவிழ்ந்த பின்னல் மூன்றும் எமன். எலக்ட்ரீசியனுக்கு, "லைன் ஆஃப் பண்ணிட்டேன்" என்று அடுத்தவர் சொன்னதை நம்புவதுதான் எமன். டெஸ்டர் வைத்துத் தானே பார்க்காமல் கை வைக்கக் கூடாது. இதெல்லாம் ஆணுக்கும் அதேதான்.

இனி எலக்ட்ரீசியன் தொழில் உண்மையில் எப்படி ஓடும் என்று ஒரு பெண்ணை வைத்தே சொல்கிறேன். பெயர் வேண்டாம். என் காலத்தில் எலக்ட்ரீசியன் பிரிவில் படித்தவள், முடித்த இரண்டாவது வருடமே கல்யாணம், கணவர் வீடு ஒரு சின்ன ஊர். பக்கத்தில் கம்பெனி கிடையாது. ஆறு மாதம் சும்மா இருந்தாள். அப்புறம் வீட்டுத் திண்ணையில் ஒரு கை வைண்டிங் மெஷினைப் போட்டு மோட்டார் காயில் கட்ட ஆரம்பித்தாள். கோவைப் பக்கம் பம்ப் கம்பெனிகளில் காயில் சுற்றுவதில் பெண்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இவள் செய்தது அதையே பழைய மோட்டாருக்கு.

எரிந்துபோன மோனோபிளாக் மோட்டார் ஒன்று வரும். திறந்ததும் கருகிய வார்னிஷ் வாடை மூக்கைத் துளைக்கும். பழைய காயிலை அப்படியே பிடுங்கி எறிய மாட்டாள். முதலில் எண்ணுவாள். காயில் உட்காரும் பள்ளம், அதாவது ஸ்லாட் எத்தனை, ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது, முனைகள் எப்படி இணைந்திருக்கின்றன. கம்பியின் பூச்சைச் சுரண்டிவிட்டு மைக்ரோமீட்டரில் கனம் பார்ப்பாள். எல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில் ஏறும், பக்கத்தில் மோட்டார் கம்பெனி பெயரும் குதிரைத்திறனும். பிறகு ஸ்லாட்டில் காப்புத்தாள் வைத்துப் புதுக் காயிலை இறக்கி, மூங்கில் சிம்பால் அழுத்தி, நூலால் கட்டி, வார்னிஷ் ஊற்றுவாள். காய வைக்க அடுப்பு கிடையாது. 200 வாட் குண்டு பல்பை மோட்டாரின் வயிற்றுக்குள் தொங்கவிட்டு ராத்திரி முழுக்க எரிய விடுவாள். காலையில் மெக்கர் வைத்துக் காப்பைச் சோதித்தபிறகுதான் கரண்ட்.

முதல் வருடம் வந்த விவசாயிகள் எல்லாரும் வாசலில் நின்று, "வீட்டுக்காரர் இல்லையாம்மா?" என்றுதான் கேட்பார்களாம். இவளும், "அவர் பஸ் கண்டக்டருங்க, டிக்கெட் வேணுமா?" என்பாளாம். இப்போது அந்த நோட்டு நான்காவது நோட்டு. அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த மோட்டாருக்கு என்ன கேஜ் கம்பி, எத்தனை சுற்று என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும் அதை அவள் நகலெடுக்க விட மாட்டாள். வேலை கிடைக்கிறதா என்பது வேறு. கம்பெனி இல்லாத ஊரிலும் திண்ணையில் உட்கார்ந்து காசு பார்க்க முடிகிறதா என்பதை வைத்துத்தான் நான் ஒரு பிரிவை எடை போடுவேன். எலக்ட்ரீசியன் அதில் தேறும்.

இங்கேதான் நிறையப் பேர் குழம்பிக்கொள்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், போச்சம்பள்ளி என்று பெண்களை ஆயிரக்கணக்கில் எடுக்கும் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. போச்சம்பள்ளி ஸ்கூட்டர் ஆலையைப் பெண்களே நடத்துவார்கள், பத்தாயிரம் பேர் என்று ஓலா நிறுவனம் 2021-இல் அறிவித்தது. வல்லம் வடகாலில் ஃபாக்ஸ்கான் பெண்களுக்காக 18,720 படுக்கைகளோடு விடுதியே கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். இவை வந்தது நல்லதுதான். எத்தனையோ வீட்டில் அடுப்பெரிகிறது. ஆனால் லைனில் நின்று ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை அதே நான்கு திருகை முடுக்குவது வேலை, தொழில் அல்ல. மூன்று வருடம் கழித்து வெளியே வந்தால் கையில் என்ன இருக்கும்? சம்பளத்தில் மிச்சம் பிடித்தது இருக்கும். அதே ஆலையில் மெயின்டனன்ஸ் பிரிவு என்று ஒன்று உண்டு. ரோபோ நின்றால், கன்வேயர் நின்றால், பேனலில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஓடி வருகிறவர்கள். அவர்கள் எலக்ட்ரீசியன், ஃபிட்டர், எலக்ட்ரானிக் மெக்கானிக் படித்தவர்கள். உங்கள் தங்கை அந்த ஆலைக்குப் போனால் அந்தக் கதவு வழியாகப் போகட்டும். 'மூன்று வருடம் முடித்தால் மொத்தமாகப் பணம்' என்று பஞ்சாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் ஒன்று ஓடியதே, அதை மாதிரி எது வந்தாலும், எவ்வளவு இனிப்பாகச் சொன்னாலும், வேண்டாம்.

செலவைப் பற்றி அம்மா கவலைப்படத் தேவையில்லை. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ், சீருடை, காலணி, புத்தகம், வரைபடக் கருவிகள் தருகிறார்கள். 6-ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். அது கல்லூரிக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள், ஐ.டி.ஐ.க்கும் உண்டு. பெண்களுக்கு உச்ச வயது வரம்பும் கிடையாது, ஆண்களுக்குத்தான் 40. என்னிடம் 38 வயதில் இரண்டு பிள்ளைகளின் அம்மா ஒருவர் படித்தார், பரீட்சையில் அவர்தான் முதல். கிண்டி, கோவை, மதுரை, சேலத்தில் மகளிருக்கென்றே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. அம்மா ஒத்துக்கொள்ள அது ஒரு வழி. என்னைக் கேட்டால், கேட்கும் பிரிவு பக்கத்து இருபாலர் ஐ.டி.ஐ.யில் இருந்தால் அங்கேயே சேர்ப்பேன். நாளைக்குப் பட்டறையில் ஆண்களோடுதானே நிற்கப் போகிறாள், இன்றைக்கே பழகட்டும். டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களைத் தொழில் 4.0 மையங்களாக மாற்றியிருக்கிறார்கள். ரோபோட்டிக்ஸ், சி.என்.சி., மின்வாகன மெக்கானிக் எல்லாம் அங்கே உண்டு. உங்கள் மாவட்டத்தில் எது என்று விசாரியுங்கள். தனியார் ஐ.டி.ஐ. என்றால் அந்தக் குறிப்பிட்ட பிரிவுக்கு மத்திய அரசின் அங்கீகாரம் (என்.சி.வி.டி. இணைப்பு என்று சொல்லிவந்தது) இருக்கிறதா என்று தாளைக் காட்டச் சொல்லுங்கள். "வந்துடும் சார்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

முடித்த பிறகு வரும் ஒரு வருடம்தான் பெண்கள் நழுவும் இடம். நான் பார்த்த வரைக்கும் படிப்பை விட்டுவிட்டுப் போன பெண்கள் குறைவு, சான்றிதழ் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தவர்கள்தான் அதிகம். இரண்டு வருடத்தில் கற்றது அடித்தளம்தான், அதைக் கையில் ஏற்றுவது அப்ரண்டிஸ் பயிற்சி. 1961-ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டப்படி உதவித்தொகையோடு நடப்பது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டி ஆலை, திருச்சி பெல் (பி.எச்.இ.எல்.) போன்ற இடங்களில் அறிவிப்பு வரும்போது தவறவிடக் கூடாது. ஊர் தூரம், விடுதி வேண்டும், மாதம் கையைக் கடிக்கும் என்று அந்த நேரத்தில் வீடு தயங்கும். அதற்கு இப்போதே பணம் ஒதுக்கி வையுங்கள். தாம்பரம், கூடுவாஞ்சேரி மாதிரி இடங்களில் அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன. ரயில்வேயில் உதவி லோகோ பைலட், டெக்னீஷியன் வேலைகளுக்கும், மின்வாரியக் கள உதவியாளர் வேலைக்கும் ஐ.டி.ஐ. கேட்பார்கள். 1980-களின் கடைசியில் உதவி ஓட்டுநராகச் சேர்ந்து ஆசியாவின் முதல் பெண் ரயில் ஓட்டுநர் என்று பெயர் வாங்கிய சுரேகா யாதவும் எலக்ட்ரிக்கல் டிப்ளமோக்காரர்தான். அரசு வேலைக்கு எழுதட்டும், ஆனால் எழுதிக்கொண்டே சும்மா இருக்கக் கூடாது. கை துருப்பிடித்துவிடும்.

இன்னொன்று, லைசென்ஸ். வயரிங் வேலையில் சொந்தக் காலில் நிற்க வேண்டுமென்றால் மின் உரிம வாரியத்தின் கம்பியாளர் சான்று வாங்க வேண்டும். 'பி லைசென்ஸ்' என்பார்கள். மேற்பார்வையாளருக்கு 'சி'. நம்மூரில் பாதிப் பேர் இது இல்லாமலேயே ஓட்டுகிறார்கள். பெண் ஓட்ட முடியாது, அவளைத்தான் முதலில் கேட்பார்கள். சான்று கையில் இருந்தால் பேச்சு அத்தோடு நிற்கும்.

சம்பளம்? தொடக்கத்தில் பெரிதாக இல்லை. என் மாணவிகள் சொல்லிக் கேட்பது, முதல் வேலையில் 15,000-ஐ ஒட்டித்தான், சில இடங்களில் அதற்கும் கீழே. அதே சம்பளத்துக்குப் பி.காம். முடித்தவளும் என்ஜினியரிங் முடித்தவனும் வந்து நிற்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், அவர்களுக்கு மூன்று நான்கு வருடக் கல்லூரிக் கட்டணம் பின்னால் இருக்கிறது. ஐந்தாறு வருடம் கை தேறிய பிறகுதான் வித்தியாசம் தெரியும். பத்து லட்சத்துக்கு மேல் போட்டுப் பட்டறை வைக்கும் நாள் வந்தால், புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கும் 25 சதவீத மானியம் உண்டு.

பட்டறைகளில் இருக்கும் மோசமான விஷயத்தையும் மறைக்கக் கூடாது. நான் முதலில் வேலை பார்த்த பட்டறையில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. காலையில் தண்ணீர் குடிக்காமல் போவேன், சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான். எட்டு மாதத்தில் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், ஊசி. முதலாளி கெட்டவர் இல்லை, அவருக்கு அது தோன்றவே இல்லை. நானும் கேட்கவில்லை. இன்றைக்கு என் மாணவிகளுக்கு நேர்முகத்தில் சம்பளத்துக்கு முன்னால் கழிப்பறையைக் கேள் என்று சொல்லி அனுப்புகிறேன். தொழிற்சாலை என்றால் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை சட்டப்படி கட்டாயம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும், அதற்குக் கீழே என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம், 2013 சட்டம். "பெண்களுக்கு நைட் ஷிஃப்ட் கிடையாது, அதனால் எடுக்க மாட்டோம்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-லேயே செல்லாது என்று சொல்லிவிட்டது, பாதுகாப்பும் வாகனமும் நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். வீடு வீடாகப் போய்ப் பழுது பார்ப்பது என்றால் முதல் ஒன்றிரண்டு வருடம் துணை இல்லாமல் அனுப்பாதீர்கள். ஆனால் பகலில் பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளில் ஏ.சி.க்கும் வாஷிங் மெஷினுக்கும் ஒரு பெண் வந்தால் நிம்மதியாகக் கதவைத் திறக்கிறார்கள். அந்த வாய்ப்பை யாரும் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை.

படிப்பு நின்றுபோகுமே என்ற பயம் உங்களுக்கே இருக்கும் போலத் தெரிகிறது. நிற்காது. 2 வருட ஐ.டி.ஐ. முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம், அது முடித்தால் பி.இ.யில் இரண்டாம் வருடம். என்னை மாதிரி சொல்லிக் கொடுக்கப் பிடித்தால், கிண்டி தேசியத் திறன் பயிற்சி நிலையத்தில் பயிற்றுநர் படிப்பு ஒரு வருடம். திருச்சியில் பெண்களுக்கென்றே ஒரு தேசிய நிலையம் இருக்கிறது. பி.காம்.தான் வேண்டும் என்று பின்னால் தோன்றினால் தொலைநிலைக் கல்வி எங்கே போய்விடப் போகிறது?

அத்தைக்குப் பதில் சொல்ல வேண்டும் இல்லையா? நான் பொய் சொல்ல மாட்டேன். எண்ணெய்க் கறை படிந்த நகத்தைப் பார்த்து ஒரு சம்பந்தம் எனக்குத் தவறிப் போனது உண்மைதான். எனக்கு அப்போது 24 வயது, இரண்டு நாள் அழுதேன். அப்புறம் வந்தவர் பெண் பார்க்க வந்த வீட்டில், ஓடாத டேபிள் ஃபேனைக் காட்டி, "இதை நீங்க பார்க்க மாட்டீங்களா?" என்றார். கெபாசிட்டர் போயிருந்தது. அதைச் சொன்னேன். அந்த ஃபேன் இப்போதும் ஓடுகிறது.

அம்மாவிடம் வாதாடிக்கொண்டிருக்காதீர்கள். இந்த வாரமே அம்மாவையும் தங்கையையும் பக்கத்து அரசு ஐ.டி.ஐ.க்குக் கூட்டிப் போங்கள், பகல் பதினொரு மணிக்கு, பயிற்சி நடக்கும் நேரம். ஒர்க்‌ஷாப்பைச் சுற்றிப் பார்க்க முதல்வரிடம் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். விண்ணப்பம் ஆன்லைனில்தான், 10-ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, மாற்றுச் சான்றிதழ், ஆதார் தயாராக இருக்கட்டும். முதல் சுற்றில் எலக்ட்ரீசியன் நிரம்பிவிட்டால் அவசரப்பட்டுக் கிடைத்ததை எடுக்காமல் வயர்மேனைக் கேளுங்கள், இரண்டும் அக்கா தங்கை மாதிரி.

இன்னொரு சின்ன விஷயம். அங்கே கொடுக்கும் சேஃப்டி ஷூ பெரும்பாலும் ஆண் அளவில்தான் வரும். பெரிய ஷூவில் துணியைத் திணித்துக்கொண்டு ஏணியில் ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம். 4 அல்லது 5 நம்பர் என்று கடையில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், வர ஒரு வாரம் ஆகும்.